சேலத்தில் பிஎச்டி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் தாவரவியலில் ஐந்தரை வருடம் ஆராய்ச்சி செய்து போன ஆண்டுதான் வைவா என்ற வாய்மொழித் தேர்வை முடித்தேன். அப்பா குகைப் பகுதியில் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், இந்தக் கேள்விகள் எல்லாம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தவைதான். கேட்க ஆள் இல்லை. இப்போது விடுதித் தோழிகளின் தங்கைகள், தெருப் பிள்ளைகள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

அக்கா, பிஎச்டின்னா என்ன? எம்எஸ்சி மாதிரி இன்னொரு படிப்புதானே?

இல்லை. எம்எஸ்சியில் பாடத்திட்டம் இருக்கும், தேர்வுத் தேதி இருக்கும், எதைப் படிக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருப்பார்கள். இங்கே முதல் சில மாதங்களில் கோர்ஸ் வொர்க் என்று ஒன்று உண்டு. குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீத மதிப்பெண் எடுக்க வேண்டும். அதோடு வகுப்பறை முடிந்துவிடும். அதற்குப் பிறகு, யாருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நீங்கள் தனியாக உட்கார வேண்டும்.

செமஸ்டருக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் நின்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். நம் பக்கம் இதை டிசி மீட்டிங் என்பார்கள். இரண்டு டிசிக்கு நடுவே உள்ள ஆறு மாதத்தில் காலையில் எழுந்தாயா, வேலை செய்தாயா என்று கேட்க ஆள் கிடையாது. பாடம் கஷ்டம் என்று பயந்துதான் பலர் வருகிறார்கள். எனக்குத் தெரிந்து பாடத்தால் விட்டுப்போனவர்கள் குறைவு. இந்த ஆறு மாதத்தைத் தாண்ட முடியாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

எம்ஃபில் முடிச்சிட்டு சேரலாம்னு இருந்தேன். அது இப்ப இல்லையாமே?

இல்லை. யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளோடு எம்ஃபில் போய்விட்டது. முதுகலையில் 55 சதவீதம் இருந்தால் நேராக பிஎச்டிக்கு வரலாம். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளி, பொருளாதாரத்தில் நலிந்தோர் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்கு வருட இளங்கலை படித்தவர்கள் 75 சதவீதத்தோடு வரலாம் என்றும் விதி சொல்கிறது. இருபத்தொரு வயதில் அப்படி வருவது நல்லதா என்று கேட்டால், ஒரு வருடமாவது எங்காவது வேலை பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

நெட் எழுதியே ஆகணுமா?

2024 ஜூன் தேர்விலிருந்து, தேசியத் தகுதித் தேர்வான யுஜிசி நெட்டின் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகைக்கு ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்டி சேர்க்கை மூன்றும் உண்டு. இரண்டாவது வகைக்கு உதவித்தொகை இல்லை, மற்ற இரண்டும் உண்டு. மூன்றாவது வகை பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு வகையினருக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதமும் நேர்காணல் 30 சதவீதமுமாகக் கணக்கிடுவார்கள். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும்.

பல்கலைக்கழகங்கள் சொந்தமாக நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்ப்பதற்கும் விதியில் இடம் இருக்கிறது. ஆகவே நெட் இல்லாமலும் சேரலாம். ஆனால் நெட் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் பணம். அது கீழே வருகிறது.

கைடை எப்படிப் பிடிக்கிறது? தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?

தெரிந்தவர் மூலம் போனால் உடனே இடம் கிடைக்கலாம். அந்த இடத்தில் உங்களுக்குப் பிடித்த தலைப்பு இருக்குமா என்பது வேறு விஷயம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டத்துக்கும் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம்தான். அதன் துறைகளிலும் இணைப்புக் கல்லூரிகளின் ஆய்வு மையங்களிலும் நெறியாளர்கள், அதாவது கைடுகள், இருக்கிறார்கள். அவர்களிடம் படித்தவர்களின் ஆய்வேடுகளை சோத்கங்கா தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மூன்று ஆய்வேடுகளைப் புரட்டினாலே அந்த நெறியாளருக்கு எதில் கை ஓடும் என்று தெரிந்துவிடும்.

காலியிடக் கணக்கு இது: பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். ஓய்வு பெற மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. நான்கு வருடம் இருப்பவர் எடுக்கலாம். ஆனால் உங்கள் ஆய்வு முடிவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார், நீங்கள் வேறு நெறியாளர் தேட வேண்டியிருக்கும். ரிட்டயர்மென்ட் எப்போது என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. அவரிடமே கேட்கக் கூச்சமாக இருந்தால் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக, அவரிடம் இப்போது படிப்பவரை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று மட்டும் கேளுங்கள். "வரும்" என்று இழுத்தால் யோசியுங்கள்.

மாசம் எவ்வளவு வரும்? அதுல சேலத்துல இருந்துட முடியுமா?

ஜேஆர்எஃப் இருந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படியும் உண்டு. சேலத்தில் இது தாராளம், வீட்டுக்குக்கூட அனுப்பலாம். அப்பா கிலோ கணக்குக் கூலிக்குக் குனிந்து உட்கார்ந்து சம்பாதித்ததைவிட நான் உட்கார்ந்து படித்து அதிகம் வாங்கினேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது.

ஆனால் மாதச் சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி வரும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் நிறுவனம் இணையதளத்தில் உறுதி செய்தால்தான் பணம் வரும். ஒரு மாதம் விட்டால் அது அடுத்ததோடு சேர்ந்து வரும், சில சமயம் நாலு மாதத்தது மொத்தமாக வரும். எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் வரவில்லை. அம்மாவின் தோடு செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடைக்குப் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு மூன்று மாதச் செலவைத் தொடாமல் தனியாக வைக்கப் பழகினேன்.

ஜேஆர்எஃப் கிடைக்காதவர்கள் தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வையும், ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர மாணவர்களுக்கான ஊக்கத்தொகையையும் விடாமல் பாருங்கள். அறிவிப்பு வந்து கடைசித் தேதி முடிவதற்குள் சாதி, வருமானச் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும். சான்றிதழுக்கு ஓடியே வாய்ப்பைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்காலர்ஷிப் எதுவும் இல்லை. வேலை பார்த்துக்கிட்டே பார்ட் டைம் பண்ணலாமா?

பண்ணலாம். வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், ஆய்வுக்கு நேரம் ஒதுக்கித் தருவோம் என்று அதில் அவர்கள் எழுதித் தர வேண்டும். எழுதித் தருவார்கள். நேரம் தருவார்களா என்பது வேறு. தனியார் கல்லூரியில் வாரம் இருபது மணி நேர வகுப்பு, சேர்க்கை சீசனில் வீடு வீடாகப் போய் ஆள் பிடிக்கும் வேலை, நடுவில் தேர்வுத்தாள் திருத்தம். இதற்கிடையில் ஆராய்ச்சி ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிடும். என் தோழி ஒருத்தி காலை நாலரைக்கு எழுந்து ஆறரை வரை எழுதி முடித்தாள். அவள் முடித்தது அந்த இரண்டு மணி நேரத்தால்தான், அந்தக் கல்லூரியால் இல்லை.

தபால் வழியில், ஆன்லைனில் பிஎச்டி என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். அப்படி ஒன்று செல்லாது.

தினமும் என்னதான் பண்ணுவீங்க?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரிதான் தெரியும். ஒன்பதரைக்குத் துறைக்குப் போவேன். பதினொன்று வரை படிப்பு, அப்புறம் மைக்ராஸ்கோப். மதியம் இரண்டு மணிக்கு மேல் எந்த வேலையும் ஓடாது, அதனால் ஆபீஸ் வேலை, கையெழுத்து, பில் எல்லாம் அப்போது. கையெழுத்து வாங்குவது தனி ஆராய்ச்சி: ஒருவர் லீவு, ஒருவர் மீட்டிங், ஒருவர் "நாளைக்கு வாம்மா." மாலை நாலரைக்கு மேல் திரும்ப எழுத்து. ஏழு மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிடுவேன்.

ஏழு மணிக்கு மூடும் பழக்கம் மூன்றாம் வருடம்தான் வந்தது. அதற்கு முன் ராத்திரி ஒரு மணி வரை லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பேன். வேலை செய்யாமல், வேலை செய்யவில்லையே என்ற குற்ற உணர்ச்சியோடு. அப்பா பட்டறையில் விளக்கு அணைத்தால் கொலுசைப் பற்றிப் பேசமாட்டார். அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஏற்காட்டுல ஃபீல்டு வொர்க்னா ஜாலிதானே? டூர் மாதிரி?

இதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. என் ஆய்வு சேர்வராயன் மலைக் கிராமங்களில் வழங்கும் மருந்துச் செடிகளைப் பற்றியது. காலை முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வளைவுக்குள் எனக்கு வயிறு புரளும். இரண்டு வருடம் போனேன், பழகவே இல்லை. வெறும் வயிற்றில் ஏறுவதைவிட இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறுவது மேல்.

சனி, ஞாயிறு வேண்டாம். சுற்றுலா வண்டிகள் மலைப்பாதையை அடைத்துவிடும், மே மாதக் கோடை விழா நாட்களில் ஏரிப் பக்கம் நகரவே முடியாது. வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றுபோனது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை, அழுத்தி வைத்த செடியில் பூஞ்சை பிடிப்பது. பழைய பேப்பரைத் தினமும் மாற்ற வேண்டும். விடுதி அறையில் என் கட்டிலுக்கடியில் இருந்ததெல்லாம் தினத்தந்தியும் காய்ந்த இலையும்தான். செடியை அடையாளம் உறுதி செய்ய கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்குக் கொண்டு போனேன். பூ இல்லாத மாதிரியைக் கொண்டு போனால் திரும்பி வர வேண்டியதுதான். பூக்கும் மாதத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போயிற்று. காப்பிச் செடி கோடை மழைக்குப் பின் சில நாள் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டு உதிர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாச் செடியும் அப்படித்தான் நம்மைக் காக்க வைக்கும்.

செடியைவிட மனிதர்கள்தான் முக்கியம். மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் கேரளத்துக்கும் பெயரைத் தவிரச் சம்பந்தமில்லை, அவர்கள் பேசுவது தமிழ். முதல் நாளே நோட்டைத் திறந்து "எந்த இலைக்கு என்ன நோய் தீரும்?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும், "நீ எழுதிட்டுப் போவ, எங்களுக்கு என்ன?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு நான்கு முறை வெறும் கையோடு போனேன், காப்பிப் பழம் பறிக்கும் பெண்களோடு உட்கார்ந்தேன், ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்து என்ன செய்கிறேன் என்று சொன்னேன். டிசம்பர், ஜனவரியில் அவர்களுக்கு அறுவடை, அப்போது கேள்வி கேட்கப் போகாதீர்கள், கூலி கெடும். காட்டுக்குள் செடி எடுக்க வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆகவே பதிவு செய்த உடனேயே விண்ணப்பியுங்கள். என் ஆய்வேட்டின் கிராமப் பெயர்கள் அடங்கிய பகுதியை அச்செடுத்து அந்தப் பாட்டி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேத்தி வாசித்தாள்.

கைடு சொந்த வேலை எல்லாம் சொல்றார். முடியாதுன்னா என்ன ஆகும்?

எனக்கு நேரடியாக நடந்தது. பெயர் வேண்டாம். பேங்க்கில் செக் போடுவது, மகளின் புராஜெக்ட்டுக்குப் படம் வரைவது, தேர்வுத்தாள் மதிப்பெண் கூட்டுவது. முதலில் மரியாதை என்று நினைத்தேன், பிறகு அதுவே வாரத்தில் இரண்டு நாளைத் தின்றது.

நேருக்கு நேர் "முடியாது" என்று சொல்லும் தைரியம் எல்லோருக்கும் இருக்காது, எனக்கும் இருக்கவில்லை. நான் செய்தது, திங்கட்கிழமை காலை அந்த வார வேலையை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன்: "செவ்வாய் ஏற்காடு, புதன் ஸ்லைடு, வெள்ளி இரண்டாம் அத்தியாயம் தருகிறேன் சார்." வேலை சொன்னால், "சார், அப்ப வெள்ளிக்கிழமை அத்தியாயம் திங்களுக்குப் போகும், பரவாயில்லையா?" என்பேன். பாதி வேலை தானாகக் குறைந்தது. அந்த மின்னஞ்சல்கள் பின்னாளில் ஆதாரமாகவும் உதவும். இதையும் மீறித் தொல்லை, குறிப்பாகப் பெண்களுக்குத் தகாத பேச்சோ தொடுதலோ என்றால் சாமர்த்தியமெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்தில் கொடுங்கள். நெறியாளரை மாற்றக் கேட்கவும் உங்களுக்கு வழி இருக்கிறது.

ஆறு மாசமா ஒரு வரிகூட எழுதலை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். முதல் கேள்வியில் சொன்ன ஆறு மாதம் இதுதான். எனக்கு இரண்டாம் வருடக் கடைசியில் வந்தது. துறைக்குப் போகிறேன் என்று கிளம்பி ஐந்து ரோட்டில் இறங்கி, சும்மா நடந்துவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு.

வெளியே வந்தது பெரிய முடிவு எதனாலும் இல்லை. இன்னொரு துறை ஸ்காலர் ஒருத்தியும் நானும் தினம் பத்து மணிக்கு மாவட்ட மைய நூலகத்தில் சந்தித்து, பேசாமல் ஒன்றரை மணி நேரம் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். அவள் வந்துவிடுவாளே என்ற வெட்கத்துக்காகவே போனேன். முன்னூறு வார்த்தை, மோசமாக இருந்தாலும் சரி. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதற்கு இருக்கிறோம் என்ற எண்ணம் வந்தால் அது எழுத்துப் பிரச்சினை இல்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

பேப்பர் போடணுமாமே. பணம் கட்டினா ஒரே வாரத்துல போட்டுத் தர்றாங்களாம்?

ஒரு வாரத்தில் போடுகிறவர் அதைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம். 2022 விதிகளில் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் கேட்கலாம், உங்கள் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். முன்பு யுஜிசி கேர் பட்டியலைப் பார்த்து இதழைத் தேர்ந்தெடுப்போம். 2025இல் அதையும் கைவிட்டார்கள். இப்போது நீங்களேதான் பார்க்க வேண்டும்: ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் யாராவது அதில் எழுதியிருக்கிறார்களா. உங்களைத் தேடி வாட்ஸப்பில் வந்த இதழ் என்றால் சந்தேகமே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

தீசிஸை எழுதிக் கொடுக்கவே ஆள் இருக்காங்களாமே? இல்ல, ஏஐ வச்சு எழுதிட்டா?

ஆள் இருக்கிறார்கள். வைவாவில் உங்களுக்குப் பதில் அவர்கள் வரமாட்டார்கள். ஏஐ, இல்லாத கட்டுரைக்கு அழகான மேற்கோள் குறிப்பு எழுதித் தரும். தேர்வாளர் அதில் ஒன்றைத் தேடிப் பார்த்தால் போதும். மொழி திருத்த வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக்கூட உங்கள் நிறுவன விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்துத் திருட்டுக் கணக்கு யுஜிசியின் 2018 விதிகளில் தெளிவாக இருக்கிறது. ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மீண்டும் தர வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்கத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. மேற்கோள்களும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. என்னுடைய முதல் சோதனையில் 17 வந்தது. பயந்துபோய்ப் பார்த்தால், என் சொந்தக் கட்டுரையிலிருந்தே நான் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன்.

கல்யாணம் பண்ணிக்கிட்டு முடிக்க முடியுமா?

மாப்பிள்ளை வீட்டாரைப் பொறுத்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் விதியும் கொஞ்சம் உதவுகிறது. சாதாரணமாகக் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு வருடம். மறுபதிவு செய்தால் எட்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு சேர்த்துப் பத்து வருடம் வரை போகலாம். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. கல்யாணமாகி வேறு ஊர் போனால் ஆய்வுத் தரவுகளோடு அங்குள்ள நிறுவனத்துக்கு மாறவும் வழி இருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே இந்த விதியை அவர்கள் கையில் கொடுத்துப் பேசுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதை நம்பாதீர்கள்.

"இன்னும் முடிக்கலையா?"ன்னு கேட்டா என்ன சொல்றது?

"இல்லை" என்று சொல்லுங்கள். விளக்கப் போகாதீர்கள். மாம்பழ சீசனில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் ஒரு பெரியப்பாவுக்கு இருபது நிமிஷம் என் ஆய்வை விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "சரிம்மா, எப்ப முடியும்?" என்றார்.

பாதியில விட்டுடலாமா?

விடலாம். தோல்வி இல்லை. ஆனால் களைப்பில் முடிவெடுக்காதீர்கள். ஒரு மாதம் வேலையை நிறுத்திவிட்டு யோசியுங்கள். நெறியாளர் பிடிக்கவில்லை என்றால் மாற்ற வழி இருக்கிறது, பணம் இல்லை என்றால் பகுதிநேரத்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். உங்கள் கேள்வியே உங்களுக்குப் பிடிக்கவில்லை, அதைப் பற்றி இனி ஒரு பக்கம்கூடப் படிக்க ஆசை இல்லை என்றால் விட்டுவிடுங்கள். என்னோடு சேர்ந்த ஒருவர் மூன்றாம் வருடம் விட்டுவிட்டு வங்கித் தேர்வு எழுதினார். நன்றாக இருக்கிறார். என்னைவிட நிம்மதியாகத் தூங்குகிறார்.

முடிச்சா வேலை உறுதியா?

இல்லை. உதவிப் பேராசிரியருக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு போதும், பிஎச்டி கட்டாயம் இல்லை என்று யுஜிசி 2023 ஜூலையில் மாற்றிவிட்டது. அரசுக் கல்லூரி நிரந்தர இடம் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கும்போதுதான், அதற்குப் பல வருடம் காத்திருப்பவர்கள் கௌரவ விரிவுரையாளராக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நெட் எழுதுங்கள் என்று மேலே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

சமர்ப்பிச்சாச்சு. எத்தனை நாள் ஆகும்? வைவால மடக்குவாங்களா?

ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் படிப்பார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் மூன்றாமவருக்குப் போகும். உங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை அலுவலகத்தில் அன்பாக விசாரியுங்கள், அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

வைவா பொதுவில் நடக்கும், யாரும் வந்து உட்காரலாம். மடக்குவதற்கென்று கேட்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். தெரியாததை "இதை நான் ஆராயவில்லை சார்" என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. என் வைவாவுக்கு அப்பா பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முடிந்ததும், "அந்த நரைச்ச தலைக்காரர் கேட்டதுக்கு மட்டும் நீ சரியா சொல்லலையோ?" என்றார். சரியாகத்தான் கவனித்திருக்கிறார்.

பேருக்கு முன்னாடி டாக்டர்னு எப்பலேர்ந்து போடலாம்?

தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு. வைவா முடிந்த அன்று ராத்திரியே பேனர் அடித்தார்கள் எங்கள் தெருவில். சான்றிதழ் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது.